இப்ப தாகம் இல்லை

மூலனூர்
20.08.2023

அன்புள்ள தம்பி சசிகுமாருக்கு,

அக்கா சித்ரகலா எழுதறேன். நானும் அம்மாவும் இங்க சுகமா இருக்கறோம். நீயும் வினிதாவும் பாப்பா தேஜஸ்ரீயும் மேலுக்கு நல்லா இருக்கறீங்களா?

ஆடி நோம்பிக்கு நீ வந்தப்ப என்னைத் தாராபுரத்துக்குக் கூட்டீட்டுப் போய் டாக்டர்கிட்டக் காட்டுனியே, அதுலிருந்து புது மாத்திரைதான் போட்டுட்டு வாரேன். உனக்கு எப்படிச் சொல்றதுன்னே தெரியல. என்ற காதுக்குள்ளயே இருந்த அந்த ரெண்டு பேரும் பேசறதை நிறுத்தீட்டாங்க. முதல்ல நான் நம்பல, எங்கியோ ஒளிஞ்சுட்டு இருக்கறாங்கன்னு நெனச்சேன். நேத்து பாத்திரம் கழுவறப்ப காதைத் தீட்டிக்கிட்டே இருந்தேன். தண்ணி விழுகற சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு. அப்படியே உக்காந்து அழுதுட்டேன். அம்மா பதறி ஓடி வந்துச்சு. "என்னடி பண்ணுது?"ன்னு கேட்டுச்சு. "ஒண்ணுமே பண்ணலம்மா, அதுதான் அழுகறேன்"னேன்.

பழைய மாத்திரையில கைதான் நடுங்கும். அவங்க கொஞ்சம் தள்ளி நின்னு பேசுவாங்க, அவ்வளவுதான். இப்ப ஊடே காலியானாப்பல இருக்குது.

போனைக் காதுல வெக்க மட்டும் இன்னும் பயம். உன்ற குரலோட அவங்க குரலும் சேந்து வந்துட்டா? காயிதம்னா உன்ற கையெழுத்து உன்றது மட்டும்தான். அதனால நீயும் காயிதமே போடு.

ஒரே ஒரு கஷ்டம், பசி. சோறு உண்டு கை கழுவறதுக்குள்ள மறுபடியும் பசிக்குது. அம்மா சிரிக்குது.

இப்படியே இருந்தா மறுபடியும் பனியன் கம்பெனிக்கு வரலாம்னு ஒரு ஆசை. ஓவர்லாக் மிசின் வேண்டாம். செக்கிங் டேபிள்ல நிறுத்து, போதும். உன்ற கம்பெனியில கேட்டுப் பாரு.

பாப்பாவுக்கு அத்தையோட முத்தம்.

சித்ரகலா


திருப்பூர்
10.09.2023

அன்பு அக்காவுக்கு,

தம்பி எழுதறேன். இங்க மூணு பேரும் நல்லா இருக்கறோம். பாப்பாவுக்கு மட்டும் சளி, சரியாயிருச்சு. அம்மாவோட சக்கரை எப்படி இருக்குது? மாசாமாசம் ஊட்டுக்கே வந்து பாக்கற கோமளாக்கா வந்துட்டுப் போனாங்களா?

உன்ற காயிதத்தை கேண்டீன்ல வெச்சுப் படிச்சேன். டீ வாங்கினதே மறந்து போச்சு. பக்கத்துல இருந்த அயர்ன் மாஸ்டர் மணியன், "ஏனுங்க, ஊர்ல ஏதாவது கெட்ட சேதியா?"ன்னு கேட்டாரு. "இல்லீங்க, ரொம்ப நல்ல சேதி"ன்னேன்.

டாக்டர் அன்னிக்கு உன்னை வெளிய உக்காரச் சொல்லீட்டு எங்கிட்ட ஒண்ணு சொன்னாரு. இந்த மாத்திரை போட்டா சிலருக்கு உடம்பு ஏறுமாம், சக்கரையும் வருமாம். அம்மாவுக்கு வேற சக்கரை இருக்கறதால உனக்குக் கட்டாயம் வெறும் வயித்துல ரத்தம் எடுத்துப் பாக்கோணும், மூணு மாசம் கழிச்சு இன்னொருக்காவும் பாக்கோணும்னாரு. அன்னிக்கு நீ இட்லி சாப்பிட்டுட்டே, அதனால எடுக்க முடியல. ஊசின்னா உனக்குப் பயம், தனியாப் போகாதே. இந்த ஷிப்மெண்ட் முடிஞ்சதும் நானே வந்து கூட்டீட்டுப் போறேன்.

வேலைக்குச் சொல்லி வெக்கறேன். தீவாளி கழியட்டும்.

உன்ற தம்பி
சசிகுமார்


மூலனூர்
22.10.2023

அன்புள்ள தம்பிக்கு,

இங்க எல்லாரும் சுகம். நீ ஒன்றரை ஷிப்ட் பாக்கறதா அம்மா சொல்லுச்சு. நேரத்துக்குச் சாப்பிடறயா? கண்ணு எரியறது நின்னுச்சா?

இப்பவும் சத்தம் எதுவும் இல்லை. போன வாரம் நான் ஒருத்தியே முருங்கைக்காய் மார்க்கெட்டுக்குப் போய்ட்டு வந்தேன். மூட்டை எறக்கறவங்க, ஏலம் கேக்கறவங்க, அத்தனை கூச்சல். எல்லாம் வெளிய இருந்து வந்த கூச்சல். எனக்கு அது திருவிழா மாதிரி இருந்துச்சு. மண்டிக்காரரு குமாரசாமிண்ணன் காய் தரம் பிரிக்க வரச் சொன்னாரு. மூணு நாளா போயிட்டு இருக்கறேன்.

உடம்புதான் ஏறிப் போச்சு. ஜாக்கெட் எதுவும் கையில நுழைய மாட்டேங்குது, பக்கத்துல பிரிச்சுத் தெச்சுக்கிட்டேன். அப்பறம் தாகம். மண்டியில வெச்சிருக்கற பானைத் தண்ணியில பாதி எனக்கே பத்த மாட்டேங்குது. அங்க எல்லாரும் கேலி பண்றாங்க. வாய் பசை மாதிரி ஒட்டிக்குது.

நீ சொன்ன ரத்தப் பரிசோதனைக்கு எப்ப வர்றே? இந்த மாசம் மாத்திரை வாங்கப் போனப்ப டாக்டரும் கேட்டாரு. தம்பி வருவான்னு சொல்லீட்டு வந்தேன்.

வினிதாவை விசாரிச்சதாச் சொல்லு.

சித்ரகலா


திருப்பூர்
19.11.2023

அன்பு அக்காவுக்கு,

நாங்க நல்லா இருக்கறோம். நீயும் அம்மாவும் தீவாளி நல்லபடியாக் கொண்டாடியிருப்பீங்க. அனுப்பிச்ச சேலை பிடிச்சுதா?

வரோணும்னுதான் இருந்தேன். வடக்குப் பசங்க பாதிப்பேர் தீவாளிக்கு ஊருக்குப் போயிட்டாங்க, இன்னும் திரும்பல. லைனே நிக்குது. சரக்கு வாங்கற பையர் ஆபீஸ்ல இருந்து ஆள் வந்து தலைமேல உக்காந்திருக்கறாங்க. சூப்பர்வைசர்னு பேரு, நானே உக்காந்து நூல் பிசிர் வெட்டறேன். இதுல லீவுன்னு எப்படிக் கேக்கறது?

நீ மார்க்கெட்டுக்குத் தனியாப் போனதை வினிதாகிட்டப் படிச்சுக் காட்டினேன். அவளுக்கு அத்தனை சந்தோசம். தாகத்தைப் பத்திக் கவலைப்படாதே. மூலனூர் வெய்யல்ல யாருக்குத்தான் தாகம் எடுக்காது? உடம்பு இப்படியே ஏறிட்டு இருந்துச்சுன்னா டாக்டர்கிட்டச் சொல்லி அந்த மாத்திரையை நிறுத்தீரலாம், விடு. நம்ம அக்கா பழையபடி ஒல்லியாயிரும்.

மார்கழிக்குள்ள எப்படியும் வந்துருவேன்.

தம்பி
சசிகுமார்


மூலனூர்
02.12.2023

தம்பிக்கு,

சுகம். அங்க சுகமா?

எனக்கு இப்ப தாகம் இல்லை. வெய்யல்தான், நீ சொன்னது சரி. மழை பேஞ்சதும் சரியாப் போச்சு. உடம்பும் இனி ஏறாது, சோத்தைக் கொறச்சுக்கிட்டேன். டாக்டர்கிட்ட நீ எதுவும் பேச வேண்டாம். நானே மாத்திரை வாங்கப் போறேன், நானே பேசிக்கறேன். இதுக்குன்னு வேலையை விட்டுட்டு வராதே.

சேலை நல்லா இருக்குது.

சித்ரகலா


மூலனூர்
18.01.2024

அன்புள்ள தம்பிக்கு,

பொங்கலுக்கு நீங்க வருவீங்கன்னு அம்மா முறுக்குச் சுட்டு வெச்சிருந்துச்சு. நாலு வரி எழுதிப் போட்டிருக்கலாம். பாப்பாவுக்குக் காய்ச்சல்னு அம்மாகிட்டப் போன்ல சொன்னியாமே, எறங்கிருச்சா?

உனக்கு ஒரு சேதி. நான் எளைச்சுட்டேன். பிரிச்சுத் தெச்ச ஜாக்கெட்டெல்லாம் தொளதொளன்னு ஆயிருச்சு. சோத்தைக் கொறைக்கவே இல்லை, தானா எளைச்சுது. மண்டியில எல்லாரும் என்ன மருந்துன்னு கேக்கறாங்க.

பொங்கல் வெக்கறப்ப அடுப்புல இருந்து விழுந்த கங்கு ஒண்ணை மிதிச்சுட்டேன். தோல் கருகின வாசம் வந்தப்பறம்தான் அம்மா பாத்துச்சு. எனக்கு வலிக்கவே இல்லை. மஞ்சள் வெச்சிருக்கறேன். கொஞ்சம் தண்ணியாட்டம் வடியுது, ஆறிரும்.

மண்டிக்கு ஒரு வாரமாப் போகல. அசதியா இருக்குது, வேற ஒண்ணுமில்லை. எழுத்து கொஞ்சம் கலங்கலாத் தெரியுது, அதான் கோணலா எழுதியிருக்கறேன்.

மனசு அமைதியா இருக்குது. அது போதும் எனக்கு.

சித்ரகலா


திருப்பூர்
11.02.2024

அன்பு அக்காவுக்கு,

கோவிச்சுக்காதே. பாப்பா நல்லா இருக்குது. பொங்கலுக்கு வர முடியாதது எனக்கும்தான் மனசு சங்கடம். அம்மா முறுக்கைப் பக்கத்து ஊட்டுக்குக் குடுத்துச்சாமே, எனக்கு ரெண்டு வெச்சிருக்கலாம்.

நீ எளைச்சுட்டேன்னு படிச்சதும் வினிதாகிட்ட, "பாரு, என்ற அக்கா கில்லாடி"ன்னேன். எப்படின்னு அவளுக்கும் சொல்லிக் குடு. கால் புண் ஆறியிருக்கும்.

இப்ப நல்ல சேதி. மேனேஜர் சண்முகவேல் அண்ணன்கிட்ட உனக்கு வேலைக்குச் சொல்லீட்டேன். செக்கிங் டேபிள், பகல் ஷிப்ட் மட்டும். பங்குனியில புது லைன் போடறாங்க. நீ எங்க ஊட்டுலயே இருந்துக்கலாம், பாப்பாவும் அத்தை எப்ப வருதுன்னு கேட்டுட்டே இருக்குது. உன்னைக் கூட்டியார வர்றப்ப அந்த ரத்தப் பரிசோதனையையும் முடிச்சுக்கலாம். ரெண்டும் ஒரே அலைச்சல்ல முடிஞ்சிரும்.

தம்பி
சசிகுமார்


தாராபுரம், ஆஸ்பத்திரி
06.03.2024

அக்கா,

சுகமான்னு கேக்கற மொகம் எனக்கு இல்லை. உன்னை உள்ள வெச்சிருக்கறாங்க. காலையில ஒருக்கா, சாயந்தரம் ஒருக்காதான் பாக்க விடறாங்க. அதனால வராந்தாவுல உக்காந்து எழுதறேன். நீ கண்ணு முழிச்சா இதைப் படிச்சுக் காட்டறேன்னு நர்சம்மா சொல்லியிருக்கறாங்க.

உனக்கு நடந்தது ஞாபகம் இருக்காது. மூணு நாளா நீ வாந்தி எடுத்துட்டு, சம்பந்தமில்லாமப் பேசீட்டு இருந்திருக்கறே. அம்மா எனக்குப் போன் பண்ணுச்சு. "சசி, அவ ஒளர்றா, மூச்சு வேற புஸ்ஸு புஸ்ஸுன்னு வாங்குது"ன்னுச்சு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மாத்திரையை விட்டிருப்பாம்மா. பாத்து ஒழுங்காப் போட வை." அவ்வளவுதான் சொன்னேன். சொல்லீட்டு லைனுக்குப் போயிட்டேன். உனக்கு என்ன வந்தாலும் அந்த நோவுதான்னு நெனச்சே பழகீட்டேன்.

அடுத்த நாள் கோமளாக்கா அம்மாவுக்குச் சக்கரை பாக்க வந்தாங்க. நீ கெடந்த கெடையைப் பாத்துட்டு உன்ற விரல்ல குத்தியிருக்கறாங்க. மிசின்ல நெம்பரே வரலையாம், அளவுக்கு மேலன்னு மட்டும் காட்டுச்சாம். அவங்கதான் ஆம்புலன்சைக் கூப்பிட்டாங்க.

நான் வந்து சேந்ததும் இங்க வார்டு டாக்டர் கேட்டாரு.

"எத்தனை நாளா தண்ணி நெறையக் குடிச்சாங்க?"

"தெரியலீங்க. நடுவுல நின்னுருச்சுன்னு எழுதியிருந்தாங்க."

"எளைச்சாங்களா?"

"ஆமாங்க. நல்லதுதானேன்னு நெனச்சேனுங்க."

"இந்த மாத்திரை சாப்பிடறவங்களுக்கு ரத்தம் பாக்கோணும்னு யாரும் சொல்லலையா?"

"சொன்னாங்க. எங்கிட்டத்தான் சொன்னாங்க."

அவரு அதைச் சீட்டுல எழுதிக்கிட்டாரு. திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்.

கால் புண்ணு உள்ள ஓடியிருக்குதாம். பெருவெரலையும் பக்கத்து வெரலையும் எடுக்கோணும்னு கையெழுத்து கேட்டாங்க. போட்டுட்டேன். உங்கிட்டக் கேக்காமப் போட்டுட்டேன் அக்கா. முழிச்சுக்கோ.

சசி


மூலனூர்
14.04.2024

அன்புள்ள தம்பிக்கு,

ஊட்டுக்கு வந்து பத்து நாளாச்சு. அம்மா நல்லா இருக்குது. நீ எத்தனையோ நாள் லீவு போட்டு ஆஸ்பத்திரியில கெடந்தே, இப்ப வேலைக்குத் திரும்பீட்டியா? வினிதா எப்படி இருக்கறா?

வாக்கர் வெச்சு நடக்கறேன். எடுத்த வெரல் இன்னும் அங்கயே இருக்கறாப்பல அரிக்குது. கண்ணு தெளிஞ்சிருச்சு. காலையும் சாயந்தரமும் சக்கரைக்கு ஊசி போட அம்மா பழகிக்கிச்சு.

ஆஸ்பத்திரியில நீ திரும்பத் திரும்பக் கேட்டியே, "தாகம் இல்லைன்னு ஏனக்கா எழுதினே?"ன்னு. அங்க எனக்குப் பேச வாய் வரல. இப்பச் சொல்றேன்.

உடம்பு ஏறுனா அந்த மாத்திரையை நிறுத்தீரலாம்னு எழுதினயே, ஞாபகம் இருக்குதா? நீ வெளையாட்டுக்குத்தான் எழுதியிருப்பே. அதைப் படிச்ச அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கல. அந்த மாத்திரையை நிறுத்துனா அவங்க வந்துருவாங்க. அதுலிருந்து தாகத்தை யார்கிட்டயும் சொல்லல. மண்டியில எல்லாரு முன்னாலயும் குடிக்கறதை விட்டுட்டு, ஊட்டுக்கு வந்து கதவைச் சாத்தீட்டுக் குடம் குடமாக் குடிச்சேன். கோமளாக்கா வர்ற அன்னிக்கெல்லாம் ஊட்டுப் பின்னால இருக்கற ஆட்டுப்பட்டிக்குப் போயிருவேன். ஒருக்கா அவங்க, "கண்ணு, வா, உனக்கும் ஒரு குத்து குத்திப் பாத்தர்றேன்"னு கூப்பிட்டாங்க. கையைப் பின்னால கட்டிக்கிட்டேன். மாத்திரை தர்ற டாக்டர் கேட்டப்ப ரத்தம் பாத்தாச்சு, எல்லாம் சரியா இருக்குதுன்னு பொய் சொன்னேன். அம்மாவையும், உங்கிட்டச் சொன்னா நடக்கறது வேறன்னு மெரட்டி வெச்சிருந்தேன்.

இப்ப அந்த டாக்டர் சொல்றாரு, நிறுத்த வேண்டியதே இல்லையாம். முன்னமே தெரிஞ்சிருந்தா சக்கரைக்கு ஒரு மாத்திரை கூடப் போட்டு, சாப்பாட்டைப் பாத்துக்கிட்டிருந்தாப் போதுமாம். அப்பவும் சரி வரலைன்னா மெதுவா வேற மாத்திரைக்கு மாத்துவாங்களாம், ஒரேயடியாப் புடுங்க மாட்டாங்களாம். "இதை ஏம்மா எங்கிட்ட முதல்லயே கேக்கல?"ன்னாரு. எனக்கு யாரும் சொல்லல. நானும் கேக்கல.

இப்பவும் அதே மாத்திரைதான் போடறேன். இப்பவும் அமைதியாத்தான் இருக்குது.

சித்ரகலா


திருப்பூர்
05.05.2024

அன்பு அக்காவுக்கு,

ஊட்டுல எல்லாரும் நலம். உன்ற கால் புண்ணு முழுசா ஆறிருச்சா? அம்மா ஊசி போடறப்ப கை நடுங்குதா?

உன்ற காயிதம் வந்து ரெண்டு வாரமாச்சு. பதில் எழுத உக்காருவேன், முடியாது, எந்திரிச்சிருவேன். அந்த வரியை நான் எழுதினதே எனக்கு ஞாபகம் இல்லக்கா. எந்த நெனப்புல எழுதினேன், பக்கத்துல யாரு இருந்தா, எதுவும் ஞாபகம் இல்லை. போறபோக்குல எழுதியிருக்கறேன். நீ அதை அத்தனை மாசம் நெஞ்சுல கட்டிக்கிட்டு இருந்திருக்கறே.

வேலைக்குத் திரும்பின அன்னிக்கு சண்முகவேல் அண்ணன்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். ரத்தம் எடுக்க ஒரு நாள் லீவு கேக்க முடியாமப் போனதுதான் இதுக்கெல்லாம் காரணம்னு சொன்னேன். "ஏப்பா, நீ எங்கிட்டக் கேட்டியா? கேட்டு நான் இல்லைன்னனா?"ன்னாரு. யோசிச்சுப் பாத்தேன். நான் கேட்டதே இல்லை. கெடைக்காதுன்னு நானே முடிவு பண்ணீட்டு, அதையே உனக்கும் எழுதி, அதை நானே நம்பீட்டும் இருந்திருக்கறேன்.

செக்கிங் டேபிள் வேலைக்கு வேற ஆள் போட்டுட்டாங்க. நின்னுட்டே பாக்கற வேலை, உன்னால இப்ப முடியாது. உக்காந்து செய்யறாப்பல ஏதாவது வந்தாச் சொல்றேன். அதைக் கூட எழுதறதுக்குக் கூச்சமா இருக்குது.

இனிமேல் மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கிழமை கண்டிப்பா வந்துருவேன். என்னை மன்னிச்சுக்கோன்னு எழுதினா அதுவும் சும்மா எழுத்துதான். நேர்ல வந்து உன்ற கால்ல விழுகறேன்.

தம்பி
சசிகுமார்


மூலனூர்
26.05.2024

அன்புள்ள தம்பிக்கு,

நானும் அம்மாவும் நல்லா இருக்கறோம். புண்ணு ஆறிருச்சு. அம்மாவுக்குக் கை நடுங்கல, எனக்குத்தான் நடுங்குது. நீ எப்படி இருக்கறே? சரியாத் தூங்கறதே இல்லைன்னு வினிதா அம்மாகிட்டச் சொன்னாளாமே.

உன்மேல கோவம் இல்லைன்னு எழுதினா அது பொய். இருக்குது. காலைக் கழுவறப்ப வருது. செருப்புப் போட முடியாம நிக்கறப்ப வருது. மண்டிக்குப் போற பொம்பளைங்க காலையில ஊட்டு முன்னால பேசிச் சிரிச்சுட்டுப் போவாங்க. முன்ன நானும் அதுல ஒருத்தி. அப்பவும் வருது. என்மேலயும்தான் கோவம். அந்தக் குடத்தை நீயா எடுத்துக் குடுத்தே? கதவைச் சாத்துனது நான்தானே. இதுல யாருக்கு எத்தனை பங்குன்னு பிரிச்சுப் பாத்து எனக்கு முடியல. நீயும் பிரிக்காதே. கால்ல விழுகறதெல்லாம் வேண்டாம், எனக்குக் கூச்சமா இருக்கும்.

ஒண்ணு சொல்றேன், கேளு. ஆஸ்பத்திரியில நான் கண்ணு முழிச்சப்ப முதல்ல பாத்தது உன்ற மொகத்தை. தாடியெல்லாம் வளந்து, நீ யாருன்னே தெரியல. அவங்க ரெண்டு பேர்ல ஒருத்தன் கடைசியா நேர்லயே வந்துட்டான்னு பயந்துட்டேன். நீ "அக்கா"ன்னே. அந்தக் குரல் வெளிய இருந்துதான் வந்துச்சு. அன்னிக்குப் போனையே காதுல வெச்சிருந்தாலும் பயந்திருக்க மாட்டேன்.

இப்ப எனக்கு ஒரு உதவி வேணும். மூணு மாசத்துக்கு ஒருக்கா ரத்தம் எடுக்கோணும்னு டாக்டர் சொல்லியிருக்கறாரு. வர்ற மாசம் எடுக்கற முறை. அம்மாவால என்னைத் தாங்கிப் பிடிக்க முடியல. பஸ் படியில ஏர்றதுக்கு எனக்கு ஒரு ஆள் கை வேணும். ஊசி குத்தறப்பவும் யாராவது பக்கத்துல இருந்தாத் தேவலை, எனக்கு இன்னும் பயம்தான்.

நீ ஞாயித்துக்கிழமை வரேன்னு எழுதியிருக்கறே. ஞாயித்துக்கிழமை அங்க ரத்தம் எடுக்க மாட்டாங்க, தம்பி. செவ்வாக்கிழமைதான் எடுப்பாங்க. வேலை நாள்.

லீவு கேட்டுட்டு வா.

அக்கா
சித்ரகலா